அம்மா சொன்ன சூடு

நெகிரி செம்பிலானில் பகாவுக்கும் ரொம்பினுக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அப்பா மரம் சீவுபவர். அம்மாவுக்கு வெளிக்காட்டு வேலை. எங்கள் லயத்தில் வயிற்றுக்கு வரும் எல்லா நோய்களுக்கும் இரண்டே பெயர்கள்தாம் இருந்தன. ஒன்று ‘வாய்வு’, மற்றொன்று ‘சூடு’. 2001ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதான என் அண்ணனுக்கு மலத்தோடு இரத்தமும் சீதமும் போகத் தொடங்கியபோது அம்மா இரண்டாவது பெயரைச் சொன்னார்.

“சூடுடா. நாள் முழுக்க வெயில்ல நின்னு குலை வெட்டுறே, தண்ணி குடிக்க மாட்டேங்கிறே. வெந்தயம் ஊற வெச்சுத் தர்றேன், குடி.”

அண்ணன் குடித்தார். பத்து நாளில் இரத்தம் நின்றுவிட்டது. இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. அப்போது மோர். அதுவும் நின்றது. பிறகு இளநீர், மாதுளம்பழத் தோல், பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கொடுத்த பொடி. ஒவ்வொன்றும் கொஞ்ச நாளுக்கு ‘வேலை செய்தது’. இந்த நோய் தானாகவே அடங்கித் தானாகவே மீளும் இயல்புடையது என்பது அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. அடங்கும் நேரத்தில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். பட்டணத்தில் ஒரு கிளினிக்குக்கும் போனார். மூலம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறது என்று அவர்கள் கேட்கவில்லை. பத்துத் தடவை என்று அண்ணனும் சொல்லவில்லை. “இதெல்லாம் போயி எப்படிடா வெளிய சொல்றது?” என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

2003இல் ஒரு நாள் அதிகாலைப் பிரட்டில் பெயர் கூப்பிடும்போது மயங்கி விழுந்தார். அதற்குள் பன்னிரண்டு கிலோ எடை குறைந்திருந்தது. மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். பெருங்குடலில் பாதிக்கு மேல் புண். நோயின் பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடல் புண் அழற்சி என்று தமிழில் சொல்லலாம். “கிருமி இல்லை. உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உங்கள் குடலைத் தாக்குகிறது” என்றார் மருத்துவர். அம்மா என்னைப் பார்த்தார். நான் அப்போதுதான் உயிரியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர இருந்தேன். என்னிடமும் விளக்கம் இல்லை.

அந்த விளக்கத்தைத் தேடிப் பல ஆண்டுகள் படித்ததன் சுருக்கமே இக்கட்டுரை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘அழற்சி’ என்னும் சொல்லுக்கு வேர் ‘அழல்’. அழல் என்றால் நெருப்பு. ஆக, அம்மா சொன்ன ‘சூடு’ என்ற பெயரில் பெரிய பிழையில்லை. அந்தச் சூட்டை மூட்டியது யார் என்பதில்தான் நாங்கள் தவறினோம்.

ஒற்றை வரிசைச் சுவர்

குடலின் உட்பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் திடல் அளவு வரும் என்று பள்ளியில் படித்திருப்போம். 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து கணக்கிட்டபோது மொத்தம் ஏறத்தாழ 32 சதுர மீட்டர்தான் வந்தது. அதில் பெருங்குடலின் பங்கு சுமார் 2 சதுர மீட்டர். டென்னிஸ் திடல் பாதி பூப்பந்துத் திடலாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் வியப்பு குறையவில்லை. இந்தப் பரப்பு முழுவதையும் மூடியிருப்பது உயிரணுக்களின் ஒரே ஒரு வரிசை. தோலைப் போல அடுக்கடுக்காக இல்லை. ஒரு பக்கம் கோடானுகோடி பாக்டீரியாக்கள், மறுபக்கம் நம் இரத்தம். நடுவில் ஒற்றை வரிசை.

அந்த வரிசையில் உள்ள உயிரணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. பற்றும் இடத்திற்கு ‘இறுக்கப் பிணைப்பு’ என்று பெயர். கிளாடின், ஒக்லுடின் முதலிய புரதங்கள் அங்கே கொக்கிபோல் மாட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரும் உப்பும் அளவோடு புகலாம். பாக்டீரியா புக முடியாது. வரிசையின் இடையிடையே கோப்பை வடிவ உயிரணுக்கள் உண்டு. சீதத்தைச் சுரப்பவை இவைதாம். சீதம் என்றாலே சீதபேதி நினைவுக்கு வந்து நாம் முகம் சுளிக்கிறோம். உண்மையில் சீதம்தான் முதல் அரண். பெருங்குடலில் அது இரண்டு அடுக்காகப் படிந்திருக்கிறது. வெளியடுக்கில் பாக்டீரியா குடியிருக்கும். சுவரை ஒட்டிய உள்ளடுக்கில் அநேகமாக ஒன்றும் இருக்காது. இதை 2008இல் சுவீடனின் கோதன்பர்க் ஆய்வுக்குழு காட்டியது. அதுவரை சீதம் வெறும் வழுவழுப்புக்காக என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

சுவரின் உயிரணுக்கள் நீண்ட ஆயுள் கொண்டவை அல்ல. மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் பழையவை உதிர்ந்து புதியவை ஏறிவிடுகின்றன. சுவரெங்கும் சிறு சிறு குழிகள் உள்ளன. ஒவ்வொரு குழியின் அடியிலும் குருத்தணுக்கள் இருந்து ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. 2007இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் அவற்றை அடையாளம் காட்டினர்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் உளிதான் நினைவுக்கு வந்தது. மரம் சீவுவதில் உள்ள சூட்சுமமே ஆழம்தான். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய வளர்படலம் இருக்கிறது. உளி அதைத் தொடாத வரை பட்டை மறுபடி வளரும். தொட்டுவிட்டால் மரத்தில் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். பிறகு அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. புதுச் சீவாளின் நிரையைப் பார்த்தால் மரத்துக்கு மரம் காயமாக இருக்கும் என்று அப்பா சொல்வார். குடலும் அப்படித்தான். மேல்வரிசை உதிர்வது நோயில்லை. அது அன்றாடம் நடப்பது. குழியின் அடியிலுள்ள குருத்தணு வரை சேதம் போனால்தான் புண். ஆறினாலும் குழிகள் கோணல்மாணலாகவே முளைக்கின்றன. அண்ணனின் சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் எழுதிய குறிப்பிலும் குழிகளின் வடிவம் சிதைந்திருப்பதாகத்தான் இருந்தது. புதுப் பட்டையில் மறுபடி உளி வைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குடலுக்கு நாள்கணக்குப் போதும். ஆனால் அந்தச் சில நாள் அமைதி அதற்குக் கிடைக்க வேண்டுமே!

அமைதியாக இருக்கத் தெரிந்த காவலர்கள்

சுவருக்குப் பின்னால் காவல் நிற்பவை நோய் எதிர்ப்பு உயிரணுக்கள். நம் உடலில் உள்ள அவற்றில் ஏராளமானவை குடலைச் சுற்றிக் குடியிருக்கின்றன. காரணம் வெளிப்படை. வெளியுலகப் பொருள் நாள்தோறும் மூன்று வேளையும் உள்ளே வரும் இடம் அதுதானே!

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மற்ற இடங்களில் பாக்டீரியாவைக் கண்டவுடன் கூச்சலிடுவதே காவலரின் கடமை. குடலில் அப்படிக் கூச்சலிட்டால் நாள் முழுவதும் கூச்சல்தான். ஆகவே குடலில் குடியிருக்கும் பெருவிழுங்கி அணுக்கள் ஒரு தனிப் பழக்கம் கொண்டவை. சுவரைத் தாண்டி வரும் பாக்டீரியாவைச் சத்தமில்லாமல் விழுங்கிச் செரித்துவிடும், ஊரைக் கூட்டாது. கிளையணுக்கள் எனப்படும் இன்னொரு வகை, சுவருக்கு அப்பால் இருப்பவற்றின் மாதிரிகளை எடுத்துச் சென்று நிணநீர்க் கணுக்களில் காட்டும். அங்கே டி உயிரணுக்களில் ஒரு பிரிவு ‘இது நம் வீட்டுச் சோறு, இவை நம்மோடு வாழும் பாக்டீரியாக்கள், விட்டுவிடு’ என்று பயிற்சி பெறுகிறது. இவற்றிற்குக் கட்டுப்படுத்தும் டி உயிரணுக்கள் என்று பெயர்.

இப்படி ஒரு பிரிவு உண்டு என்று ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் நிறுவியபோது நம்பாதவர்களே அதிகம். பின்னர் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய இருவரும் அவ்வணுக்களுக்குத் தேவையான ஃபாக்ஸ்பி3 மரபணுவை 2001இல் கண்டறிந்தனர். இம்மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. ஃபாக்ஸ்பி3 பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு முதலில் தாக்கப்படும் உறுப்புகளில் ஒன்று குடல். கடும் வயிற்றுப்போக்கோடுதான் அவர்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள். காவலர்களை அடக்கிவைக்கும் மேலதிகாரி இல்லாவிட்டால் முதலில் பாழாவது எது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நெருப்பு பிடிக்கும்போது

மரபணு, வாழும் சூழல், குடல் பாக்டீரியாக்களின் மாற்றம் என்று பல காரணங்கள் கூடி ஏதோ ஒரு கட்டத்தில் சமநிலை குலைகிறது. குடல் அழற்சியோடு தொடர்புடைய இருநூறுக்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் இதுவரை கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே ‘இந்த ஒன்றுதான் காரணம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சமநிலை குலைந்தபின் நடப்பதைச் சொல்கிறேன். இரத்தத்திலிருந்து புதிய விழுங்கணுக்கள் குடலுக்குள் வருகின்றன. வழக்கமாக அவை வந்ததும் பழைய குடிகளைப் போல அமைதியாக இருக்கப் பழகிவிடும். அழற்சிக் காலத்தில் அந்தப் பழக்கம் படிவதில்லை. வந்த வேகத்திலேயே கத்தத் தொடங்குகின்றன. அவற்றின் கத்தல்தான் சைட்டோகைன் எனப்படும் வேதிச் செய்தி. டிஎன்எஃப், இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-23 ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கூச்சலைக் கேட்டு டி உயிரணுக்கள் திரள்கின்றன. அவை இன்டர்ஃபெரான்-காமாவைக் கொட்டுகின்றன. டிஎன்எஃப், இன்டர்ஃபெரான்-காமா இரண்டும் சேர்ந்தால் சுவர் உயிரணுக்களின் உள்ளிருக்கும் தசைபோன்ற இழைகள் சுருங்குகின்றன. இறுக்கப் பிணைப்பு நெகிழ்கிறது. கவனியுங்கள்: இதுவரை எந்தக் கிருமியும் சுவரை உடைக்கவில்லை. காவலரின் கூச்சலுக்கே கதவு திறந்துகொள்கிறது. திறந்த கதவு வழியாகப் பாக்டீரியாத் துணுக்குகள் உள்ளே கசிகின்றன. அதைக் கண்டு கூச்சல் இன்னும் பெருகுகிறது. கதவு இன்னும் அகல்கிறது. இந்தச் சுழல்தான் நோய்.

அடுத்து வருபவை நியூட்ரோபில்கள். இவை காலாட்படை. சுவரைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். குழிகளுக்குள் கூட்டமாக விழுந்து சீழாகக் கட்டிக்கொள்ளும். கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளையும் நச்சு ஆக்சிஜனையும் அங்கேயே கொட்டும். உளி கட்டையில் படுவது இந்த இடத்தில்தான். கோப்பை உயிரணுக்களின் சீதக் கிடங்கு காலியாகிறது. உள்ளடுக்குச் சீதம் மெலிகிறது. பாக்டீரியா சுவரையே தொடுகிறது. அண்ணன் பார்த்த சீதம், இடித்துத் தள்ளப்பட்ட அரணின் மிச்சம். இரத்தமோ திறந்த புண்ணிலிருந்து வந்தது. வெந்தயத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய கலவரத்தை ஒரு கிண்ணம் ஊறவைத்த வெந்தயம் அடக்கும் என்று நாங்கள் இரண்டு ஆண்டு காத்திருந்தோம்.

‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல்’ என்று இந்நோயை ஒரு வரியில் விளக்கிவிடலாம் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். முழுவதும் பொருந்தவில்லை. வேலியைப் பிடுங்கி எறிந்தால் பயிர் பிழைக்குமா? ஒரு சோதனை நடந்தது. இன்டர்லியூக்கின்-17 என்னும் செய்தி, புண்ணான குடலில் மிகுதியாகக் காணப்படுகிறது. அதைத் தடுத்தால் நோய் தணியும் என்று எதிர்பார்த்துக் குரோன் நோயாளிகளுக்கு அதற்கான மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வெளிவந்தது. நோய் தணியவில்லை, சிலருக்கு மோசமாகியது. தோல் நோயான சொரியாசிசுக்கு நன்றாக வேலை செய்யும் அதே மருந்து குடலில் தோற்றது. குடலில் இன்டர்லியூக்கின்-17 சுவரின் பிணைப்பை இறுக்கவும் உதவிக்கொண்டிருந்திருக்கிறது! அதன் கூட்டாளியான இன்டர்லியூக்கின்-22 குருத்தணுக்களைத் தூண்டிச் சுவரை மறுபடி கட்டச் சொல்கிறது. அதை அனுப்புவதும் எதிர்ப்பு உயிரணுக்களே. தீ வைத்த கூட்டத்திலேயே தண்ணீர் ஊற்றுபவர்களும் கலந்து நிற்கிறார்கள். கூட்டத்தையே விரட்டினால் அவர்களும் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால், இத்துறையின் முழுச் சிரமமும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

சிரம்பானில் கேட்கப்பட்ட ஒரு கேள்வி

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். நூறு ஆண்டுகளுக்கு முன் சிரம்பானில் இருந்த ஒரு மருத்துவரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். வில்லியம் லெனர்ட் பிராடன் என்பவர் நெகிரி செம்பிலானின் மாநில அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். அன்று மலாயாவை உலுக்கிய நோய் பெரிபெரி. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கால் வீங்கி ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கோ அது அரிதாகவே வந்தது. ஏன்? பிராடன் அடுப்பங்கரையைப் பார்த்தார். சீனர்கள் தீட்டிய பச்சரிசி உண்டார்கள். தமிழர்கள் புழுங்கலரிசி உண்டார்கள். 1907இல் இதை ஒரு பெரிய நூலாகவே எழுதினார். அதே ஆண்டு ஃபிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு மருத்துவர்கள் ஜெலுபு வட்டாரத்து டுரியான் திப்புஸ் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி அரிசியை மாற்றிக் கொடுத்துச் சோதித்தனர். பச்சரிசி உண்டவர்களுக்கே நோய் வந்தது. பிராடன் அரிசியில் நஞ்சு இருப்பதாக நினைத்தார், அது தவறு. தவிட்டோடு போய்விட்ட தயமின் சத்துக் குறைவே காரணம் என்பது பிற்பாடு தெளிவானது. ஆனால் ‘யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை’ என்று அவர் கேட்ட கேள்வி சரியானது.

அதே கேள்வியைப் பெருங்குடல் புண் அழற்சியைப் பற்றிக் கேட்டால் விடை நமக்குச் சாதகமாக இல்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை நோயாளிகளைப் பற்றி 2005இல் வெளிவந்த ஆய்வில், மலேசிய இனங்களுள் இந்தியர்களிடம்தான் இந்நோய் விகிதத்தில் அதிகம் என்று தெரிந்தது. பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் 2011 முதல் 2013 வரை எடுத்த கணக்கில், குடல் அழற்சி நோய்கள் ஆண்டுக்கு இலட்சம் இந்தியரில் 1.91 பேருக்குப் புதிதாக வந்தன. சீனரில் 0.63, மலாய்க்காரரில் 0.35. அரிய நோய்தான், அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே சந்தை. நமக்கு மட்டும் மலாய்க்காரரைவிட ஐந்து மடங்குக்கு மேல், சீனரைவிட மூன்று மடங்கு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தெற்காசியர்களிடமும் இந்நோய் உள்ளூர் மக்களைவிட அதிகம் என்று 1992இலேயே எழுதியிருக்கிறார்கள். மிளகாயைக் குற்றம் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. மிளகாய் இந்நோயை உண்டாக்குவதில்லை. நோய் மூண்டிருக்கும்போது காரம் எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் நம் பாட்டன் பூட்டன்களுக்கு ஏன் இந்நோய் இருந்ததாகக் கதையில்லை? கண்டுபிடிக்காமல் விட்டது ஒரு காரணம். எத்தனை பேரைச் ‘சீதபேதி’ என்று எழுதிப் புதைத்தார்களோ! இன்னொரு காரணம் கொக்கிப்புழுவாக இருக்கலாம். 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பிய குழு ஒன்று டார்லிங் என்னும் அமெரிக்க மருத்துவர் தலைமையில் மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவை ஆராய்ந்தது. செருப்பில்லாமல் நிரையில் நடந்த நம் தமிழ்த் தொழிலாளர்களும் அவ்வாய்வில் இருந்தார்கள். புழு குடலில் தங்க வேண்டுமானால் தன்னைத் தாக்க வரும் காவலர்களை அது அமைதிப்படுத்த வேண்டும். அதற்கான வித்தைகள் அதனிடம் ஏராளம்.

இதில் நம் பல்கலைக்கழகத்திற்கும் பங்குண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஒட்டுண்ணியியல் ஆய்வாளர் இவோன் லிம் குழுவினரும் நியூயார்க் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து செய்த ஆய்வு 2016இல் ‘சயன்ஸ்’ ஏட்டில் வெளிவந்தது. குடல் நோய்க்கு ஆளாகக்கூடிய எலிகளுக்குச் சாட்டைப்புழு கொடுத்தபோது இன்டர்லியூக்கின்-13 கூடியது. பழுதான கோப்பை உயிரணுக்கள் மீண்டும் சீதம் சுரந்தன. அழற்சியைத் தூண்டும் ஒரு பாக்டீரியா விலகியது. மலேசியாவின் ஓராங் அஸ்லி மக்களுக்குப் புழு மருந்து கொடுத்த பின், குடல் பாக்டீரியாக்களின் சேர்க்கையும் எலிகளில் கண்ட போக்கிலேயே மாறியது. இதே இன்டர்லியூக்கின்-13 பெருங்குடல் புண் அழற்சியில் சுவரின் பிணைப்பை ஒழுகவைக்கிறது என்று வேறோர் ஆய்வு சொல்கிறது. ஒரே செய்தி ஓரிடத்தில் மருந்து, மற்றோரிடத்தில் நஞ்சு.

உடனே புழு முட்டையை வாங்கி விழுங்கக் கிளம்ப வேண்டாம்! பன்றியின் சாட்டைப்புழு முட்டையை நோயாளிகளுக்குக் கொடுத்த முதல் சோதனைகள் நம்பிக்கை தந்தன. பின்வந்த பெரிய சோதனைகளில் பலன் தெரியவில்லை. கொக்கிப்புழு நம் பாட்டிமாரின் இரத்தத்தைக் குடித்துச் சோகையில் தள்ளிய வரலாற்றையும் மறப்பதற்கில்லை. பிள்ளைப்பேற்றில் இறந்த எத்தனையோ தோட்டத்துப் பெண்களின் பின்னால் அந்தச் சோகை இருந்தது.

சொல்ல வேண்டிய வெட்கம்

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் என்னும் பெண் மருத்துவர் மூட்டுவலிக்கென்று உருவாக்கிய சல்ஃபசலசின், பெருங்குடல் புண்ணையும் ஆற்றியது. அதன் வழிவந்த மெசலசின்தான் இன்றும் மிதமான நோய்க்கு முதல் மருந்து. நெருப்பு கொழுந்துவிட்டால் சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு. அதற்கும் அடங்காவிட்டால் டிஎன்எஃபைக் கட்டிப்போடும் இன்ஃபிளிக்ஸிமாப் போன்றவை. 2014 முதல் வெடோலிசுமாப் என்ற மருந்தும் உண்டு. இது டி உயிரணுக்களைக் கொல்வதில்லை. குடலுக்குள் நுழையும் வாசலில் மட்டும் மறிக்கிறது. கூட்டத்தை அடிக்காமல் கேட்டை மூடும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நம் நாட்டில் மருத்துவர் உடனே ஸ்டீராய்டு கொடுத்துவிடக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அமீபாவால் வரும் சீதபேதியும் இதைப்போலவே தோன்றும். அமீபா இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் குடலே ஓட்டையாகி உயிருக்கு ஆபத்தாகும். குடல் காசநோய் குரோன் நோயைப்போல வேடமிடும். ஆகவே மலத்தையும் சதைத் துணுக்கையும் சோதித்து அவற்றை விலக்கிவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். அண்ணனுக்கு அதற்கே மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளைத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இந்நோய் பெரும்பாலும் உங்கள் வயதில்தான் தலைகாட்டும். மூலத்தில் இரத்தம் பொதுவாக மலத்தின் மேலே சொட்டும், வயிற்றுப்போக்கு இருக்காது. நான்கு வாரத்திற்கு மேல் இளகிய மலம், அதில் கலந்த இரத்தமும் சீதமும், இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் அவசரம், எடைக் குறைவு இவை சேர்ந்திருந்தால் அது மூலமன்று, ‘சூடும்’ அன்று. மருத்துவரிடம் எத்தனை தடவை என்று எண்ணைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ‘கேல்புரொடெக்டின்’ என்ற மலச் சோதனை இருக்கிறது. கேல்புரொடெக்டின் நியூட்ரோபில்களுக்குள் இருக்கும் புரதம். குடலுக்குள் அந்தக் காலாட்படை இறங்கியிருந்தால் மலத்தில் அதன் அளவு ஏறியிருக்கும். குழாய் விடுவதற்கு முன்பே அழற்சி இருக்கிறதா என்று இதைக்கொண்டு ஊகிக்கலாம்.

அண்ணன் இப்போது செனவாங்கில் குடும்பத்தோடு இருக்கிறார். எங்கள் லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் இந்நோய் உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்புச் சற்று அதிகம் என்பதால், குறித்த காலத்தில் குழாய்ச் சோதனைக்குப் போகிறார். முதல்நாள் குடிக்கும் பேதி மருந்துதான் அவருக்குப் பெரிய வேதனை; சோதனையில் மயக்க மருந்து கொடுத்துவிடுகிறார்கள். சென்ற முறை நான்தான் உடன் போனேன். திரையில் அவருடைய பெருங்குடலைக் காட்டினார்கள். பெரும்பகுதி வழவழப்பாக, இளஞ்சிவப்பாக இருந்தது. கீழ்ப்பகுதியில் மட்டும் பழைய புண்கள் ஆறிய இடங்கள் வெளுத்து, முண்டும் முடிச்சுமாகத் தெரிந்தன. அப்பா இருந்திருந்தால் பார்த்தவுடன் சொல்லியிருப்பார், எந்த இடத்தில் உளி ஆழமாகப் போயிற்று என்று.

வீட்டிற்கு வந்ததும் அம்மா கேட்டார், “சூடு கொறைஞ்சிருக்கா?”

“கொறைஞ்சிருக்கும்மா. மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாதாம்,” என்றார் அண்ணன். அம்மா தலையாட்டிவிட்டு, மோர் எடுத்து வர அடுப்பங்கரைக்குப் போனார்.